தோற்கும் செறிவையும் கேளுங்கள்

முகப்பேரில் சிறு கூடம் வைத்துக் கிருமிநாசினி தயாரிப்பவருக்குச் சந்தை தொலைவில் இல்லை. மெட்ராஸ் மெடிக்கல் மிஷன் போன்ற பெரிய மருத்துவமனைகள், கிளினிக்குகள், பல் மருத்துவமனைகள், பள்ளிகள், கல்யாண மண்டபங்கள், பக்கத்திலேயே அம்பத்தூர் தொழிற்பேட்டை எனக் கிருமிநாசினி வாங்கும் இடங்கள் சில கிலோமீட்டருக்குள் அடங்கிவிடுகின்றன. ஓரளவு பெரிய வாடிக்கையாளர் யாராக இருந்தாலும் முதலில் கேட்பது ஆய்வக ரிப்போர்ட். தயாரிப்பவர் ஒரு பாட்டிலை ஆய்வகத்தில் கொடுத்து, “99.9 சதவீதம் வரணும் சார்” என்று சொல்லிவிட்டு வருகிறார். சில வாரத்தில் ரிப்போர்ட் வருகிறது, அதைச் சட்டம் போட்டு மாட்டுகிறார். இந்த அத்தியாயம் அந்தப் பாட்டிலைக் கொடுப்பதற்கு முந்தைய நாளைப் பற்றியது. எந்தக் கிருமி, எவ்வளவு தண்ணீரில் கலந்தது, என்ன தண்ணீர், எவ்வளவு அழுக்கு, எத்தனை நிமிடம் என்பவற்றை எழுதிக் கொடுக்காமல் பெறும் ரிப்போர்ட்டுக்கு உங்கள் லேபிளோடு எந்தத் தொடர்பும் இருக்கத் தேவையில்லை. அதோடு, தயாரிப்பு எந்த அளவில் ஜெயிக்கிறது என்று மட்டும் சொல்லும் ரிப்போர்ட்டைவிட, எந்த அளவில் தோற்கிறது என்றும் சேர்த்துச் சொல்லும் ரிப்போர்ட்டே உங்களுக்கும் வாங்குபவருக்கும் பயன்படும்.

முதலில் அந்த 99.9. பெரும்பாலான ஆய்வகச் சோதனைகளில் ஒரு மில்லிலிட்டருக்கு ஒரு கோடிக்கும் மேலான பாக்டீரியாவை எடுத்து அதில் கிருமிநாசினியை விடுகிறார்கள். ஒரு கோடியில் 99.9 சதவீதம் செத்தால் மீதி பத்தாயிரம் உயிரோடு இருக்கும். ஐரோப்பாவில் உணவுக் கூடங்கள், தொழிற்கூடங்கள், வீடுகள், பொது நிறுவனங்களுக்கான கிருமிநாசினிகளைச் சோதிக்கும் இ.என். 1276 முறை கேட்பது ஐந்து லாக் குறைப்பு, அதாவது 99.999 சதவீதம். அதே ஒரு கோடியில் மிஞ்சுவது நூறு. அச்சில் இரண்டு ஒன்பதுகள்தான் கூடுதல், தட்டில் வளர்வதிலோ நூறு மடங்கு வித்தியாசம். பாக்டீரியாவுக்கு ஐந்து லாக், பூஞ்சைக்கும் வைரஸுக்கும் அவற்றுக்குரிய முறைகளில் நான்கு லாக் என்பது ஐரோப்பிய வழக்கம். ஆகவே சதவீதத்தைச் சொல்லி ரிப்போர்ட் கேட்காதீர்கள். எந்த முறை, எந்தக் கிருமி, எத்தனை லாக் என்று கேளுங்கள்.

நம் நாட்டில் ஃபினாயில் தயாரிப்பவர்கள் இதைவிட நன்றாக அறிந்த எண் ஒன்று உண்டு, ஆர்.டபிள்யூ.சி. என்கிற ரீடீல்–வாக்கர் கெழு. சாமுவேல் ரீடீலும் ஐன்ஸ்லி வாக்கரும் 1903-இல் லண்டனில் வகுத்த முறை இது. டைஃபாய்டு கிருமியின் திரவ வளர்ப்பை எடுத்து, சோதிக்கும் திரவத்தின் பல நீர்ப்புகளிலும் ஃபீனாலின் நீர்ப்புகளிலும் சேர்ப்பார்கள். இரண்டரை, ஐந்து, ஏழரை, பத்து நிமிடங்களில் ஒவ்வொன்றிலிருந்தும் சிறிது எடுத்துப் புதிய ஊடகத்தில் விட்டு, கிருமி வளர்கிறதா என்று பார்ப்பார்கள். ஐந்து நிமிடத்தில் கொல்லாமல் ஏழரை நிமிடத்தில் கொல்லும் நீர்ப்பு எதுவோ, அதை அதே வேலையைச் செய்யும் ஃபீனாலின் நீர்ப்பால் வகுத்தால் கெழு கிடைக்கும். உங்கள் ஃபினாயில் 1:1800-லும் ஃபீனால் 1:100-லும் அந்த வேலையைச் செய்தால் கெழு 18. இந்திய மருந்து விதிகள் 1945-இன் ‘ஓ’ அட்டவணை கறுப்பு, வெள்ளை ஃபினாயில்களை இந்த எண்ணை வைத்தே பிரிக்கிறது: முதல் தரத்துக்குக் குறைந்தது 18, இரண்டாம் தரத்துக்கு 10, மூன்றாம் தரத்துக்கு 5. இந்தியத் தரநிலையான ஐ.எஸ். 1061-உம் நெடுங்காலமாக இதையே அடிப்படையாகக் கொண்டிருக்கிறது. ஐ.எஸ்.ஐ. முத்திரைக்கு விண்ணப்பிப்பவர்கள் பழைய ஜெராக்ஸை நம்பாமல், தரநிலையின் நடப்புப் பதிப்பை பி.ஐ.எஸ். தளத்திலோ தரமணி சி.ஐ.டி. வளாகத்திலுள்ள அதன் அலுவலகத்திலோ உறுதி செய்துகொள்ள வேண்டும்.

“சட்டமே இந்த எண்ணைத்தானே கேட்கிறது, இதற்கு மேல் நாங்கள் ஏன் செலவு செய்ய வேண்டும்?” என்ற கேள்வி நியாயமானது. சட்டம் கேட்பதை முதலில் கொடுத்தே ஆக வேண்டும். ஆனால் அந்த எண் எதற்காகப் பிறந்தது என்பதைப் பாருங்கள். நகரங்களில் டைஃபாய்டு பரவிய காலத்தில், தார் எண்ணெயிலிருந்து வந்த திரவங்களை ஒன்றோடொன்று ஒப்பிடுவதற்காக வந்தது. கலவையில் அழுக்கு கிடையாது, கிருமி ஒன்றே ஒன்று. பைன் எண்ணெய் சேர்ந்த வெள்ளை ஃபினாயிலை எடுத்துக்கொண்டால், டைஃபாய்டு கிருமியை அது நன்றாகவே கொல்லும். புண்ணில் சீழ் பிடிக்க வைக்கும் ஸ்டஃபைலோகாக்கஸ் ஆரியஸ் முன்னால் அதன் வலு வெகுவாகக் குறைந்துவிடும். கெழு 18 என்று அச்சிட்ட பாட்டிலைப் பார்த்து ஒரு மருத்துவமனை வார்டுத் தரைக்கு வாங்கினால், அது கேட்டிராத கேள்விக்கான பதிலை வைத்துக்கொண்டு வாங்குகிறது. குவாட் (குவாட்டர்னரி அம்மோனியம்) வகைக் கலவைகளுக்கு இந்தக் கெழு இன்னும் குறைவாகவே பொருந்தும். காரணத்தைக் கொஞ்சம் பின்னால் விரிவாகப் பார்ப்போம். சட்டத்துக்கு ஆர்.டபிள்யூ.சி., லேபிளில் நீங்கள் சொல்லும் வாக்குக்குத் தனிச் சோதனை என்று இரண்டையும் பிரித்துக்கொள்வதே சரி.

அழுக்கின் வலிமை புதிய கண்டுபிடிப்பு இல்லை. 1908-லேயே லண்டன் லிஸ்டர் நிறுவனத்தில் ஹாரியட் சிக்கும் சார்லஸ் மார்ட்டினும், சோதனைக் கலவையில் மலத்தைச் சேர்த்துப் பார்த்தார்கள். சுத்தமான நீரில் பிரமாதமாக வேலை செய்த திரவங்கள் பல அங்கே தடுமாறின. இன்றைய முறைகளில் அந்த இடத்தை மாட்டு ஆல்புமின் என்னும் புரதம் எடுத்துக்கொண்டிருக்கிறது. இ.என். 1276-இல் ‘சுத்தமான நிலை’ என்றால் லிட்டருக்கு 0.3 கிராம், ‘அழுக்கு நிலை’ என்றால் 3 கிராம். மருத்துவத் துறைக்கான இ.என். 13727-இன் அழுக்கு நிலையில் இதோடு ஆட்டு இரத்த அணுக்களும் சேரும். குளோரின் தரும் ஹைப்போவுக்கு இந்தப் பத்து மடங்கு வித்தியாசம் வாழ்வா சாவா என்கிற விஷயம். கிருமியைத் தேடிப் போக வேண்டிய குளோரினைப் புரதம் வழியிலேயே தின்றுவிடும். முன்கூட்டியே சோப்பு போட்டுக் கழுவிய பாத்திரத்துக்கான திரவம் என்றால் சுத்தமான நிலையில் சோதித்தது போதும். ஒரே துடைப்பில் அழுக்கும் போகும், கிருமியும் சாகும் என்று லேபிள் சொன்னால் அழுக்கு நிலைச் சோதனையைத் தவிர்க்க வழியில்லை. ரிப்போர்ட்டின் ஒரு மூலையில் சிறு எழுத்தில் இருக்கும் இந்த ஒரு வரியைத்தான் வாங்குபவர்கள் பெரும்பாலும் படிக்காமல் விடுகிறார்கள்.

தண்ணீரும் அப்படித்தான். இ.என். முறையில் தயாரிப்பைக் கலக்கும் நீரின் கடினத்தன்மை லிட்டருக்கு 300 மில்லிகிராம், கால்சியம் கார்பனேட் கணக்கில். சென்னையின் மேற்குப் புறநகரில் மாப் பக்கெட்டில் விழுவது பெரும்பாலும் போர்வெல் தண்ணீர். குடிநீருக்கான ஐ.எஸ். 10500 ஏற்கத்தக்க கடினத்தன்மையை 200 என்றும், வேறு நீராதாரம் இல்லாவிட்டால் 600 வரை பொறுத்துக்கொள்ளலாம் என்றும் சொல்கிறது. ஆக, குடிக்கவே அனுமதிக்கப்பட்ட நீர்கூடச் சோதனை நீரைப்போல இரு மடங்கு கடினமாக இருக்கலாம். துடைக்க எடுக்கும் நீருக்கு எந்த வரம்பும் இல்லை. கால்சியமும் மக்னீசியமும் பல குவாட் கலவைகளின் வேகத்தைக் குறைப்பவை. உங்கள் வாடிக்கையாளர்கள் இரண்டு மூன்று பேரிடம் தண்ணீர் எடுத்து, கடினத்தன்மையை அளந்து, அதில் மிக அதிகமானதைச் சோதனை நீராக வைக்கும்படி ஆய்வகத்திடம் கேளுங்கள். தண்ணீர்ப் பரிசோதனை, கிருமிச் சோதனையின் செலவில் சிறு பகுதிதான். வெப்பநிலையைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டாம். சோதனை வழக்கமாக 20 டிகிரியில் நடக்கிறது. நம் ஊர் வெப்பம் கொல்லும் வேகத்தைக் கூட்டவே செய்யும். வெப்பம் கெடுதல் செய்வது கிடங்கில். தகரக் கூரையின் கீழ் கிடக்கும் ஹைப்போ நாளுக்கு நாள் குளோரினை இழக்கிறது. எனவே ஆய்வகத்துக்கு நேற்று நிரப்பிய கேனைக் கொடுப்பது நேர்மையான சோதனை ஆகாது. நீங்கள் லேபிளில் போட்ட காலாவதித் தேதியை நெருங்கிய பேட்ச்சைக் கொடுங்கள்.

இப்போது குவாட் விஷயத்துக்கு வருவோம். இந்தத் துறையில் பொய்யான வெற்றிகள் அதிகம் பிறக்கும் இடம் இதுதான். ஐந்து நிமிடம் முடிந்ததும் கலவையிலிருந்து ஒரு மில்லிலிட்டர் எடுத்து அகார் தட்டில் ஊற்றி, மறுநாளும் அதற்கடுத்த நாளும் காலனிகளை எண்ணுகிறோம். அந்த ஒரு மில்லிலிட்டரில் கிருமியோடு மருந்தும் வருகிறதே! அந்த மருந்து தட்டிலும் தொடர்ந்து வேலை செய்யும், அல்லது கிருமியைக் கொல்லாமல் வளரவிடாமல் மட்டும் அடக்கி வைக்கும். தட்டு வெறுமையாக இருக்கும். ரிப்போர்ட்டில் ஐந்து லாக் வெற்றி என்று பதிவாகும். தரையிலோ அதே கிருமி கழுவப்பட்டதும் விழித்துக்கொள்ளும். குவாட்கள் மிகக் குறைந்த அளவிலும் கிருமியை அடக்கக்கூடியவை என்பதால், மருந்தை முறிக்காத பழைய சோதனைகள் அவற்றுக்குத் தகுதிக்கு மீறிய மதிப்பெண் கொடுத்துவந்தன. இதைத் தடுக்க, குறித்த நேரம் முடிந்த அந்த நொடியிலேயே மருந்தை முறித்துப்போட நியூட்ரலைசர் வேண்டும். குளோரினுக்குச் சோடியம் தயோசல்ஃபேட், குவாட்டுக்கு லெசித்தினும் பாலிசார்பேட் 80-உம், ஆல்டிஹைடுக்குக் கிளைசின் அல்லது ஹிஸ்டிடின் என்று ஒவ்வொன்றுக்கும் ஒன்று உண்டு. சரியான நியூட்ரலைசரைச் சேர்த்துவிட்டால் போதாது, அது வேலை செய்தது என்பதற்குச் சான்றும் வேண்டும். இ.என். 1276 இதற்கு மூன்று கட்டுப்பாடுகளை வைத்திருக்கிறது. கொஞ்சம் கிருமியை எடுத்து, மருந்தே இல்லாத சோதனைச் சூழலில் அது உயிரோடு இருக்கிறதா என்று பார்ப்பது ஒன்று. நியூட்ரலைசர் தானே கிருமியைக் கொல்கிறதா என்று பார்ப்பது இரண்டாவது. மருந்தையும் நியூட்ரலைசரையும் முதலில் கலந்துவிட்டு, பிறகு கிருமியைப் போட்டு, மருந்து உண்மையிலேயே முறிந்ததா என்று பார்ப்பது மூன்றாவது. மூன்றிலும் போட்ட கிருமியில் பாதியாவது திரும்பக் கிடைக்க வேண்டும். இந்த எண்கள் இல்லாத ரிப்போர்ட் எந்த ஆய்வகத்திலிருந்து வந்தாலும், எத்தனை ஒன்பதுகள் போட்டிருந்தாலும், அதற்குப் பணம் கட்டும் முன் விளக்கம் கேளுங்கள். இந்தப் புத்தகத்தில் ஒரே ஒரு பத்தியைத்தான் நினைவில் வைத்துக்கொள்ள முடியும் என்றால், இதை வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது, தலைப்பில் சொன்ன தோற்கும் செறிவு. இ.என். 1276-இன்படி குறைந்தது மூன்று செறிவுகளைச் சோதிக்க வேண்டும். அவற்றில் ஒன்றாவது வேலை செய்யும் எல்லைக்குள்ளும், ஒன்றாவது வேலை செய்யாத எல்லைக்குள்ளும் இருக்க வேண்டும். தோல்வியை ஏன் வேண்டுமென்றே தேட வேண்டும்? எல்லாச் செறிவும் வென்றால், சோதனை நுட்பமாக இருந்ததா, மருந்து வலுவாக இருந்ததா, நியூட்ரலைசர் சொதப்பியதா என்று பிரித்துச் சொல்ல வழி இல்லை. ஒரு செறிவு தோற்றுவிட்டால் கிருமி உயிரோடுதான் இருந்தது, சோதனை அதைப் பார்க்கக்கூடியதுதான் என்பது நிச்சயமாகிறது. அதைவிட முக்கியம், ஜெயிக்கும் செறிவுக்கும் தோற்கும் செறிவுக்கும் இடையே உள்ள தூரம்தான் உங்கள் பாதுகாப்பு விளிம்பு. அதே 1908-இல் சிக்கும் வாட்சனும் எழுதியவற்றிலிருந்து வளர்ந்த கணக்கு இங்கே கைகொடுக்கிறது. செறிவு குறையும்போது எல்லா மருந்தும் ஒரே மாதிரி வலு இழப்பதில்லை. ஹைப்போவை இரு மடங்கு தண்ணீராக்கினால், அதே வேலைக்குச் சுமார் இரு மடங்கு நேரம் போதும். தூய ஃபீனாலின் செறிவு அடுக்கு சுமார் 6. பாதியாக்கினால் நேரம் இரண்டின் ஆறாம் அடுக்கு, 64 மடங்கு ஆகும். ஐந்து நிமிடத்தில் முடிந்த வேலைக்கு ஐந்து மணி இருபது நிமிடம் வேண்டும். பக்கெட்டில் ஒரு மூடிக்குப் பதில் அரை மூடி ஊற்றும் கை எல்லா இடத்திலும் உண்டு. அது ஹைப்போவில் மன்னிக்கக்கூடிய தவறு, ஃபீனால் வகையில் மருந்தே இல்லாததற்குச் சமம். லேபிளில் எழுதும் நீர்ப்பு தோற்கும் செறிவுக்கு மிக அருகில் இருந்தால், அந்தத் தயாரிப்பை விற்காதீர்கள். நீர்ப்பை மாற்றுங்கள் அல்லது கலவையை மாற்றுங்கள். இன்னொரு சிறு கணக்கும் இருக்கிறது. இந்த முறையில் ஒரு பங்கு கிருமி, ஒரு பங்கு அழுக்கு, எட்டுப் பங்கு மருந்து என்று கலப்பதால், அப்படியே தெளிக்கும் திரவம்கூடச் சோதனைக் குழாயில் 80 சதவீதம்தான் இருக்கும். ரிப்போர்ட்டில் 80 என்று பார்த்து ஆய்வகம் ஏமாற்றிவிட்டதாக நினைக்க வேண்டாம்.

நேரத்தைப் பற்றி நமக்கெல்லாம் 2020 ஒரு பெரிய பாடம் நடத்தியது. அந்த ஏப்ரல் முதல் தேதி திருப்பூர் தென்னம்பாளையம் சந்தையில் கிருமிநாசினிச் சுரங்கம் திறக்கப்பட்டது. கையைத் தூக்கிக்கொண்டு சில நொடிகளில் நடந்து கடந்துவிட வேண்டும், ஹைப்போத் தெளிப்பு மேலே படும். நாடு முழுவதும் அதைப் பார்த்துச் செய்தார்கள். ஏப்ரல் 18-ஆம் தேதி மத்திய சுகாதார அமைச்சகம் மனிதர்கள் மேல் கிருமிநாசினி தெளிக்கக் கூடாது என்று அறிவுறுத்தியது. கண்ணுக்கும் தோலுக்கும் மூச்சுக்கும் கெடுதல் என்பது முக்கியக் காரணம். சோதனை முறையின் கண்ணால் பார்த்தாலும் அந்த ஏற்பாடு நிற்காது. ஹைப்போவின் திறனை நிமிடங்களில் அளந்திருக்கிறோம், நொடிகளில் அல்ல. அதுவும் வியர்வையும் தூசியும் படிந்த துணி மேல் அல்ல. நல்லெண்ணத்தோடு பலர் உழைத்து அமைத்தவை அவை. அந்த உழைப்பு வீணாகாமல் இருக்க ஒரு கேள்வி போதுமாயிருந்தது: இந்தத் திரவத்தின் ரிப்போர்ட்டில் தொடர்பு நேரம் எவ்வளவு? உங்கள் தயாரிப்பிலும் இதே கேள்விதான். பத்து நிமிடத் தொடர்பில் வென்ற திரவத்தைத் தெளித்து உடனே துடைக்கும் ஸ்ப்ரேயாக விற்காதீர்கள். முகப்பேரின் மே மாத வெயிலில் மாப் போட்ட தரை எத்தனை நிமிடத்தில் காய்கிறது என்று கடிகாரம் வைத்துப் பாருங்கள். காய்ந்த பிறகு மருந்துக்கு வேலை இல்லை. அந்த நேரத்துக்குள் வெல்லும் செறிவே லேபிளுக்குரிய செறிவு.

இவ்வளவுக்கும் செலவாகும் என்பது அடுத்த ஆட்சேபம். கிருமி எண்ணிக்கை, நிலைகள், நேரங்கள் எல்லாவற்றையும் பெருக்கினால் சிறு உற்பத்தியாளரால் தாங்க முடியாது, உண்மைதான். அதனால்தான் முதலில் வாக்கைச் சுருக்கச் சொல்கிறேன். தரை, மருத்துவமனைக் கருவி, கை, காய்கறி என்று எல்லாவற்றுக்கும் ஒரே பாட்டில் என்று எழுதுபவர் எல்லாச் சோதனைக்கும் கட்ட வேண்டும். தரைக்கு மட்டும், இந்த நீர்ப்பில், இத்தனை நிமிடம் என்று எழுதுபவருக்குச் சோதனை சிறியது. ஸ்டஃபைலோகாக்கஸ் ஆரியஸ், சூடோமோனாஸ் ஏருஜினோசா, ஈ. கோலை, என்டரோகாக்கஸ் ஹிரே என்னும் நான்கையும் அழுக்கு நிலையில் ஒருமுறை நன்றாகச் செய்துவிட்டு, பேட்ச்சுக்கு பேட்ச் மருந்தின் அளவை மட்டும் வேதியியல் சோதனையில் பார்த்துக்கொண்டால் போதும். பாக்டீரியா விதைத்துகளையும் கொல்லும் என்ற வாக்கைக் குவாட், ஃபினாயில், ஸ்பிரிட் தயாரிப்பவர்கள் கனவிலும் எழுத வேண்டாம். எந்தச் செலவும் அதை உண்மையாக்காது. “ஆய்வகத்தில் என்ன செய்தாலும் நிஜத் தரை வேறு” என்று சிலர் இந்தச் சோதனைகளையே ஒதுக்குவார்கள். திரவத்தில் மிதக்கும் கிருமியைவிடப் பரப்பில் காய்ந்து ஒட்டிய கிருமி பிடிவாதமானது என்பதை ஒப்புக்கொள்கிறேன். அதற்காகத்தான் எஃகுத் தட்டின் மேல் கிருமியைக் காயவைத்துச் சோதிக்கும் இ.என். 13697 இருக்கிறது. ஆனால் திரவச் சோதனையிலேயே தோற்பது தரையில் வெல்லாது. முதல் வாசலைத் தாண்டாததைக் குறைந்த செலவில் கண்டுபிடித்து நிறுத்துவதே அந்தச் சோதனையின் வேலை.

ஆய்வகத்தைத் தேர்ந்தெடுக்கும்போது என்.ஏ.பி.எல். சின்னம் இருக்கிறதா என்று பார்ப்பதோடு நிற்காதீர்கள். ஐ.எஸ்.ஓ. 17025-இன் கீழ் அங்கீகாரம் ஆய்வகக் கட்டடத்துக்குக் கிடைப்பதில்லை, குறிப்பிட்ட சோதனைகளுக்குக் கிடைக்கிறது. தண்ணீர்ப் பரிசோதனைக்கு அங்கீகாரம் பெற்ற ஆய்வகம் கிருமிநாசினிச் சோதனைக்கும் பெற்றிருக்கும் என்று சொல்ல முடியாது. அங்கீகாரப் பட்டியலை என்.ஏ.பி.எல். தளத்தில் எடுத்து, உங்கள் முறையின் எண் அதில் இருக்கிறதா என்று தேடுங்கள். கிருமி எங்கிருந்து வாங்கியது என்றும் கேளுங்கள். சண்டிகரின் எம்.டி.சி.சி. போன்ற சேகரிப்பிலிருந்து வந்த, எண்ணிட்ட வகையாக இருக்க வேண்டும். கொடுத்த பேட்ச்சின் இன்னொரு பாட்டிலை மூடி முத்திரையிட்டு உங்களிடமே வைத்துக்கொள்ளுங்கள்.

விற்ற பிறகும் ஒரு சோதனை உண்டு. அதை உங்கள் பெரிய வாடிக்கையாளருக்கு நீங்களே செய்து கொடுக்கலாம். 1951-இலேயே இங்கிலாந்தில் லோபரி, செட்ரிமைடு கரைசலுக்குள்ளேயே சூடோமோனாஸ் குடியிருந்ததைப் பதிவு செய்திருக்கிறார். பக்கெட்டில் நேற்றுக் கலந்து மிஞ்சியதில் இன்றும் மேலே ஊற்றிக்கொண்டே போனால் எந்த ஊரிலும் இது நடக்கும். கெல்சியும் மாரரும் 1966-இல் சொன்ன வழி எளிமையானது. பயன்பாட்டில் இருக்கும் பக்கெட்டிலிருந்து ஒரு மில்லிலிட்டர் எடுத்து, ஒன்பது மில்லிலிட்டர் நியூட்ரலைசர் கலந்த திரவத்தில் விடுங்கள். அதிலிருந்து 0.02 மில்லிலிட்டர் அளவில் பத்துத் துளிகளை ஓர் அகார் தட்டிலும், பத்தை இன்னொன்றிலும் இடுங்கள். ஒன்றை 37 டிகிரியில் மூன்று நாள், மற்றதை அறை வெப்பத்தில் ஏழு நாள் வையுங்கள். இரண்டில் எதிலாவது ஐந்துக்கு மேற்பட்ட துளிகளில் வளர்ச்சி தெரிந்தால் அந்தப் பக்கெட் தோற்றுவிட்டது. அடுத்து நீர்ப்பைப் பாருங்கள், பக்கெட்டை எத்தனை மணி நேரத்துக்கு ஒருமுறை கொட்டுகிறார்கள் என்று விசாரியுங்கள், பிறகு உங்களிடம் முத்திரையிட்டு இருக்கும் அந்தப் பாட்டிலைத் திறந்து அதே பேட்ச்சின் மருந்து அளவைச் சோதித்துப் பாருங்கள்.